ஒன்பது வளைவும் பதிமூன்று கண்ணும்

விருதுநகர்ப் பக்கத்தில் சுற்றுலா என்றால் முதலில் நினைவுக்கு வருவது குற்றாலம். சாரல் தொடங்கிய செய்தி வந்ததும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசுவார்கள். விடியுமுன் கிளம்பினால்தான் கூட்டத்துக்கு முன் அருவிக்குப் போகலாம். வழியெல்லாம் வேனுக்குள் பாட்டு ஓடும், பிள்ளைகள் தூங்கும். திருத்தங்கலும் சிவகாசியும் ராஜபாளையமும் கடந்து தீர்க்க வேண்டிய தூரம் மட்டுமே. நம்முடைய பயணம் போய்ச் சேரும் இடத்தில்தான் தொடங்குகிறது.

இலங்கையில் இந்தக் கணக்கு வேறு. கண்டியிலிருந்து எல்ல என்ற ஊர் வரை ரயிலில் போகிறவர்களில் பலருக்கு எல்ல ஒரு சாக்குதான். அந்த ரயிலில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதே சுற்றுலா. கொழும்பிலிருந்து மலையேறும் இந்தப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. தேயிலையையும் சரக்கையும் சுமக்கப் போட்ட பாதையை இன்று உலகமே வேடிக்கை பார்க்க வருகிறது. அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று வண்டி மெல்ல ஏறும். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொல நிலையம் வரும்போது சன்னல் வழியே மூடுபனி உள்ளே புகுந்துவிடும். சுரங்கம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலில் கூவுவார்கள். தாளில் சுற்றிய வடை கைமாறும். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, வண்டி நின்ற நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. வண்டியின் மெதுவான ஓட்டத்தையே அங்கு வரமாக எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கும் அப்படியொரு பாதை இருக்கிறது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927இல் போட்ட பாதை அது. பகலில் மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பயணிகள் ரயிலில் வலப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால் போதும்.

விருதுநகரைத் தாண்டியதும் கரிசல் விரியும். சீமைக்கருவேலம், ஒற்றைப் பனை, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர் ததும்பும் கண்மாய், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மேல் இருக்கிறார். சிவகாசியை நெருங்கும்போது காட்சி மாறிவிடும். பட்டாசு ஆலைகள் மற்ற ஆலைகளைப் போல ஒரே கூரைக்கு அடியில் இருப்பதில்லை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதால் சிறுசிறு அறைகளை இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். வெட்டவெளியில் யாரோ பொம்மை வீடுகளை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். வெயிலில் காகிதக் குழாய்கள் காயும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அன்று தொடங்கிய தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் படம் அச்சிட அச்சகங்கள் வந்தன. கிளியும் மயிலும் தாமரையுமாக, உள்ளங்கையில் அடங்கும் தீப்பெட்டிப் படங்கள் நாடெங்கும் போனது இந்த வறண்ட மண்ணிலிருந்துதான். ஊருக்குள் இறங்கி நடந்தால், நறுக்கி எறிந்த வண்ணக் காகிதத் துண்டுகளைத் தெருவோரத்திலேயே பார்க்கலாம்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் ஊரின் பதினோரு நிலைக் கோபுரமும் அதற்குப் பின்னால் மேற்குத்தொடர்ச்சி மலையின் நீலமும். ராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசியை நெருங்க நெருங்கக் கரிசல் பின்வாங்கிப் பச்சை கூடும். செங்கோட்டைக்கு அப்பால் கொல்லம் பாதை மலைக்குள் நுழைகிறது. அது 1904இல் திறந்தது. அகலப் பாதையாக மாறி 2018இல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. தென்மலைக்கு முன்னால், கழுதுருட்டி அருகே, கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம் நிற்கிறது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டியது. இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பிய அந்தப் பாலத்தைப் பார்க்க நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். நம்முடையது அதைவிடப் பதினேழு ஆண்டு மூத்தது, நாலு கண் அதிகம். அழகில் குறைவில்லை. பார்க்கும் பழக்கத்தில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

ஆனாலும் இலங்கையை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். அங்கே எடுக்கும் படங்களில் தேயிலைச் சரிவும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் தவறாமல் இருப்பார்கள். அவர் குடியிருக்கும் லயத்து (வரிசை வீட்டு) அறை படத்தில் வராது. அந்தப் பெண் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்முடைய வறண்ட சீமைகளிலிருந்து கப்பலேறி, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்து மலைக்குப் போனவர்களின் பேத்தி. விருதுநகர் 1985வரை சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டமும் அப்படி ஆளனுப்பிய சீமைகளில் ஒன்று. 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பல லட்சம் பேர் திரும்பியும் வந்தார்கள். மழை பொய்த்த மண்ணில் தங்கியவர்களின் பிள்ளைகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள், கடல் தாண்டியவர்களின் பிள்ளைகள் கொழுந்துக்குப் போனார்கள். இரு நாட்டுச் சன்னலிலும் தெரிவது ஒரே குடும்பத்தின் உழைப்பு.

சிவகாசியில் பார்த்த அந்தப் பொம்மை வீடுகளுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் மட்டும் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். வெயிலில் காயும் குழாய்களின் நிறத்தை ரசிக்கிறவர் அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிதானத்தை இலங்கையிடம் கற்றுக்கொள்வோம். ஆளைப் பார்க்கும் பார்வையை நாம் சேர்த்துக்கொள்வோம். அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது ஒருமுறை வேனை விட்டுவிட்டுப் பகல் ரயிலில் ஏறுங்கள். பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். திருத்தங்கல் வந்ததும் தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள்.