ஒரு ஃபிரேம் முன்னே, ஒரு ஃபிரேம் பின்னே

தர்மபுரி பக்கமே போகாதவர்கள்கூட ஒகேனக்கல்லைப் பார்த்திருப்பார்கள். மணிரத்னத்தின் 'ரோஜா'வில் (1992) மதுபாலா அறிமுகமாகும் பாட்டில் வருகிற அருவி பெரும்பாலும் பாணதீர்த்தம், கொஞ்சம் ஒகேனக்கல். கதைப்படி அவர் திருநெல்வேலிச் சீமைப் பெண். அங்கிருந்து ஒகேனக்கல் 400 கிலோமீட்டருக்கு மேல். எடிட்டர் சுரேஷ் அர்ஸ் அதை ஒரே வெட்டில் கடந்துவிடுகிறார். யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

தண்ணீர் எடிட்டருக்கு சிநேகிதன். ஓர் அருவியில் விட்டு இன்னோர் அருவியில் தொடங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். மனித உடம்பு அப்படி இல்லை. தூக்கிய கை அடுத்த ஷாட்டில் இறங்கியிருந்தால் குழந்தைகூடக் கேட்கும்.

2010-ல் 'ராவணன்'. அதே மணிரத்னம், கேமராவில் மறுபடி (மணிகண்டனுடன்) சந்தோஷ் சிவன், மறுபடி ஒகேனக்கல். இந்த முறை பரீட்சை கடினம். ஐஸ்வர்யா ராய் பாறையிலிருந்து குதிக்க வேண்டும். நிஜமாகக் குதித்தது பயிற்சி பெற்ற ஒரு டைவிங் வீரர். நடிகையை எந்த ஃபிரேமில் விடுவது, டூப்பை எந்த ஃபிரேமில் எடுப்பது என்பது எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத்தின் தலைவலி. விநாடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேம் தாமதித்தால் வேஷம் கலையும், முந்தினால் குதித்த மாதிரியே இருக்காது. தாவல் தப்பாமல் விழுகிறது. ஆனாலும் என் ஓட்டு 'ரோஜா'வுக்குத்தான். 'ராவணன்' அருவியை ரசிக்கச் சொல்லி நம்மைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. 'ரோஜா' காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

சரியான ஃபிரேம் எது என்று எப்படித் தெரியும்? 'அப்போகலிப்ஸ் நவ்' (1979) படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் ஒரு வழி வைத்திருந்தார். ஷாட்டை ஓடவிட்டு, முடியவேண்டும் என்று தோன்றும் கணத்தில் பட்டனைத் தட்டுவார். பிறகு மறுபடி ஓடவிட்டுத் தட்டுவார். இரண்டு முறையும் அதே ஃபிரேமில் நின்றால் அதுதான் வெட்டு.

இப்போது நம் எல்லார் கையிலும் கத்தரி இருக்கிறது. செல்போனில் ஒகேனக்கல் பரிசல் சவாரியை 5 நிமிஷம் எடுக்கிறீர்கள். விநாடிக்கு 30 வீதம் 9,000 ஃபிரேம். டிரிம் பண்ணும் பட்டையின் அகலம் சுமார் 1,000 புள்ளி. விரல் ஒரு புள்ளி நகர்ந்தால் 9 ஃபிரேம் காலி. முதலில் உத்தேசமாக வெட்டி, மிச்சத்தை மறுபடி திறந்து நுணுக்கமாக வெட்டுவதுதான் வழி.

அப்படியும் சில ஆப்களில் வெட்டு தள்ளி விழும். டிஜிட்டல் வீடியோ எல்லா ஃபிரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப்படம், நடுவில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். அவசரக்கார ஆப், நீங்கள் சொன்ன இடத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய முழுப்படத்திலிருந்து ஆரம்பிக்கும். பொறுமையான ஆப், வீடியோவைத் திரும்ப எழுதி, கேட்ட இடத்திலேயே வெட்டும். நேரம்தான் கொஞ்சம் ஆகும்.

இதெல்லாம் அழகு சமாசாரம் மட்டும் இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடுவார்கள். ஒரு வெள்ள வீடியோவின் ஆரம்பத்தில் ஒருவர் தேதி சொல்கிறார், கடைசியில் போலீஸ்காரர் கூட்டத்தைத் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் கத்தரித்தால் நடுவில் மிஞ்சுவது எந்த வருஷத்து வெள்ளமாகவும் ஆகலாம். வடிந்த வருஷத்தில் பீதி கிளப்பலாம். தண்ணீர் ஏறும் நாளில், 'சும்மா வாங்க, சூப்பரா இருக்கு' என்று குடும்பத்தோடு கூப்பிடலாம். ஒரு பொய்கூடச் சேர்க்க வேண்டாம், வெட்டினால் போதும்.

'ரோஜா'வில் ஊர் மாறியது. டிக்கெட் வாங்கி, சம்மதித்து ஏமாந்தோம். வாட்ஸப்பில் வருஷம் மாறுகிறபோது நம்மை யாரும் கேட்பதில்லை. அதனால் அனுப்புவதற்கு வெட்டும்போது பேசுகிறவரின் வாக்கியத்தை முழுசாக விடுங்கள், வெட்டாத ஒரிஜினலை அழிக்காமல் வையுங்கள். வந்த வீடியோ சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிந்தால், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அனுப்பியவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.