நம்பிக்கையின் இலக்கணம்

'நல்லதையே நினை, நல்லதே நடக்கும்' என்னும் அறிவுரை எங்கும் மலிந்து கிடக்கிறது. குடியிலிருந்து மீள முயல்வோருக்கும் இதையே மருந்தாக அளிக்கிறோம். அம்மருந்தின் தன்மையை இரு நூல்களை ஒப்பிட்டு ஆராய விழைகிறோம்.

முதலாவது, நியூயார்க் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் வெளியிட்ட 'நேர்மறைச் சிந்தனையின் ஆற்றல்'. தோல்வி எண்ணத்தை விரட்டி, வெற்றியை மனக்கண்முன் நிறுத்தி, தன்னம்பிக்கையை வளர்க்க அது கற்பிக்கிறது. சோர்ந்தவருக்கு அது ஊக்கம் தரலாம். ஆயின், குடிக்கு அடிமையானவரிடம் தன்னம்பிக்கைக்கு என்ன குறை? 'நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்' என்பதன்றோ அவரது அன்றாடப் பேச்சு! நோயின் குரலும் மருந்தின் குரலும் ஒன்றாகவே ஒலித்தால் அவர் எதை நம்புவார்?

இரண்டாவது, 1939இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1935இல் அக்ரன் நகரில் மருத்துவர் பாப் ஸ்மித்துடன் பில் வில்சன் தொடங்கிய இயக்கத்தின் பெயரும் இதுவே. நூலின் முதன்மைப் பகுதியை எழுதியவர் வில்சன். அதன் பன்னிரு படிகள், குடியின்முன் தம் இயலாமையை ஒப்புக்கொள்வதில் தொடங்குகின்றன. அவற்றின் நடை கூர்ந்து நோக்கத்தக்கது. ஏவல் வினை ஒன்றுகூட இல்லை. 'செய்' என்னாது 'செய்தோம்' என இறந்தகாலப் பன்மையில், சாட்சியமாகவே பேசுகின்றன. 'உன்னால் முடியும்' என்னும் சொல், தோற்றவனைத் தனியே விட்டுவிடுகிறது. 'எங்களாலும் முடியவில்லை, ஆயினும் மீண்டோம்' என்னும் சொல்லோ அவனருகே வந்து அமர்கிறது. 1940இல் வில்சனைச் சந்தித்த இயேசு சபைக் குரு எட்வர்ட் டவுலிங், இப்படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளின் சாயலைக் கண்டார். தன் உண்மை நிலையைக் காண்பதே இரண்டிற்கும் வாயில்.

நூலில் குறையும் உண்டு. மனைவியருக்கான அதிகாரம் மனைவியரே பேசுவதுபோல் அமைந்துள்ளது. அதை எழுதியவரோ வில்சன். அவர்தம் துணைவியார் லோயிஸ் எழுத விரும்பியும் வாய்ப்புத் தரப்படவில்லை. ஆதலின் வருந்திய பெண்ணின் சினமும் களைப்பும் அதில் போதிய அளவு ஒலிக்கவில்லை. சாட்சியத்தையே உயிராகக் கொண்ட நூலில், ஒரு சாராரின் சாட்சியத்தை மற்றொருவர் எழுதியது பெருங்குறை எனக் கருதுகிறோம்.

மீட்சி என்பது ஓயாத மகிழ்ச்சி என எண்ணுவோருக்கு வில்சனின் வாழ்வே மறுமொழி. 1934 இறுதியில் குடியை விட்ட அவர், 1940களில் பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் உழன்றார். ஆயினும் 1971இல் இறக்கும்வரை குடிக்குத் திரும்பவில்லை. இருண்ட நாளிலும் 'இன்று ஒரு நாள்' எனத் தோழர் நடுவே அமரும் மனமே நல்ல மனம்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்பது தமிழில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் பிரிகிறது. மீண்டவர்கள் 'நாங்கள்' என்றே பேசத் தொடங்குகின்றனர். கேட்பவர் அவர்களோடு வந்து அமரும் நாளில் அது 'நாம்' ஆகிறது. நம் இல்லங்களில் குடியோடு போராடுவோருக்கு அறிவுரை கூறுமுன், அந்த 'நாம்' என்னும் சொல்லில் அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறோமா எனச் சிந்திப்போம்.