உயிர்பெறும் வீதிகளும் வெளியேறும் மனிதரும்

அமெரிக்க மாநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலை, இரவுவேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் மீண்டும் வாசித்தேன். நகர மையத்தை வாழவைப்போர் திட்டமிடுவோரல்லர். சிறுகடைக்காரரும் வீதியைக் கவனித்திருக்கும் அயலவருமே என்கிறார். இது ஏட்டுச்சுரைக்காயல்ல. 1968இல் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்த அவரும் அயலவரும் போராடியதில் ஸ்பதைனா விரைவுச்சாலைத் திட்டம் 1971இல் நிறுத்தப்பட்டது.

ஒரு வீதியின் வெற்றியே அதன் பன்முகத்தன்மையை அழிக்கக்கூடுமென அவரும் எச்சரிக்கிறார். ஆயினும் வாடகை கட்டமுடியாது வெளியேறுபவன் நூலின் மையத்துக்கு வரவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் வந்திறங்கிய நம்மில் பலர் ஸ்காபரோவுக்கு நகர்ந்தோம். விரிவுரை மண்டபத்தில் எனக்குப் புலப்படாதது இப்போது உறைக்கிறது: வாடகைப் பாதுகாப்பின்றி வீதிக்கு உயிரூட்டுவது, உயிரூட்டியவரையே துரத்துவதில் முடியும். நமது சங்கங்கள் கடைத்தெரு விழாவுக்கு முன் வாடகையைப் பேசட்டும்.