வழக்குரைக்க இடங்கொடாத மன்று

2006 டிசம்பரில் டோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைக் கூலிகளுக்குப் பிறந்த தலித் பெண் அவர். பாற் சோதனையின் பின்னர் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்க மருந்து உண்டவரல்லர்; எவரையும் ஏய்த்தவருமல்லர். மருத்துவர் அறைக்குள் அடங்கியிருக்க வேண்டிய உடற்கூற்றுச் செய்தியோ தெருத் திண்ணைவரை வந்து சேர்ந்தது. புகழ்ந்தெழுதிய பேனாக்களே ஆணா, பெண்ணா என்று பட்டிமன்றம் நடத்தின.

2012இல் அவர் சூளையில் நாட்கூலிக்கு உழைப்பது தெரியவந்ததும் ஏடுகள் கண்ணீர் வடித்தன. இவ்விரக்கத்தையும் நாம் ஐயுறுகின்றோம். பெற்றோர் அச்சூளையில் வெந்தபோது எழாத இரக்கம், பதக்கம் ஏந்திய கையில் மண் பட்டதும் எழுவானேன்?

2009இல் பெர்லினில் அதே ஓட்டத்தில் வென்ற காஸ்டர் செமன்யாவும் சோதனைக்கு ஆளானார். தென்னாபிரிக்க அரசும் மக்களும் அவர் பக்கம் நின்றனர். பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்திக்குத் தமிழக அரசு 15 இலட்சம் ரூபா வழங்கியது மெய். பதக்கத்துக்காக வாதாட இந்திய விளையாட்டு அதிகாரிகள் முன்வரவில்லை என்பதும் மெய். பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. உலகப் போட்டிகளில் ஓடும் பெண்களுக்கு மரபணுச் சோதனை 2025இல் கட்டாயமாக்கப்பட்டது.

வைகாசியில் எமது வாவிக்கரைக் கண்ணகை அம்மன் கோயில்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கக் கேட்போர் நாம். ஆராயாது தீர்ப்பிட்ட பாண்டியனுங்கூட, சிலம்பேந்தி வந்தவளை அவையினுள் விட்டு அவள் சொல்லைக் கேட்டான். சாந்திக்கு அவ்வவையும் வாய்க்கவில்லை. ஏட்டைக் கேட்டு உருகும் நம்மவரே மறுநாட் காலையில் செய்தித்தாளை விரித்து, ஓடுகின்ற பெண்ணொருத்தியின் மார்பையும் குரலையும் அளந்து பேசுகின்றனர்.