கொன்றவர்கள் எடுத்த படங்கள்

1941 ஜூன் 2 அன்று, கிரீட் தீவின் கொண்டோமாரி கிராமத்து ஆண்களை ஜெர்மன் பாராசூட் படையினர் ஆலிவ் தோப்புக்கு இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். தீவைப் பிடிக்கும் சண்டையில் ஊர்மக்களும் ஆயுதம் எடுத்ததற்கான பழிவாங்கல் அது. படையோடு வந்திருந்த ஃபிரான்ஸ் பீட்டர் வைக்ஸ்லர் அனைத்தையும் படமெடுத்தார். ஊரார் திரட்டப்பட்டது, படையினர் குறிபார்த்தது, உடல்கள் சரிந்து கிடந்தது என வரிசையாகப் படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. போர் முடிந்ததும் அவரே எழுத்துமூலம் சாட்சியமும் அளித்தார்.

நாஜி ஆக்கிரமிப்பின் கொடுமைகளைக் காட்டும் படங்களில் ஏராளமானவை இப்படிக் கொன்றவர் தரப்பிலிருந்தே வந்தவை. எதிரி கட்டிய கதை என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் இத்தகைய படங்களை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தபோது ஜெர்மனியே கலங்கியது. கொலைகளைச் செய்தது எஸ்.எஸ். படை மட்டுமே, சாதாரண ராணுவத்தின் கை சுத்தம் என்று ஐம்பது ஆண்டுகளாகப் பேணப்பட்ட நம்பிக்கை நொறுங்கியது. நூல்கள் பல சொல்லியும் அசையாத நம்பிக்கை அது.

ஆனால் படம் பேசுவதில்லை. அதன் கீழே உள்ள குறிப்புதான் பேசுகிறது. 1999இல் வரலாற்றாசிரியர் போக்டான் மூசியாவ், அந்தக் கண்காட்சியின் சில படங்களில் கிடக்கும் உடல்கள் சோவியத் ரகசியப் போலீசாரால் கொல்லப்பட்ட கைதிகளுடையவை என்று காட்டினார். கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த வல்லுநர் குழு, 1,400க்கும் மேற்பட்ட படங்களில் பொருந்தாதவை இருபதுக்கும் குறைவு என்றது. இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லோச்சூவ் போன்ற ஊர்களில் சிக்கல் இன்னும் ஆழம். அங்கே சோவியத் போலீசார் கொன்று புதைத்தவர்களைத் தோண்டியெடுக்குமாறு ஜெர்மன் தரப்பினர் யூதர்களை வதைத்து, பிறகு அந்த யூதர்களையும் அதே இடத்தில் கொன்றார்கள். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு குற்றங்கள். எந்த உடல் எந்தக் குற்றத்தின் சாட்சி என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. அவசரமாக எழுதிய சில குறிப்புகள், மறுப்பவர்களுக்கு மொத்தத்தையும் பொய் என்று கூவ வாய்ப்பளித்தன. அந்த அலட்சியத்தை என்னால் சிறிய பிழையாக எண்ண முடியவில்லை.

2001இல் பெர்லினில் திறந்த புதிய கண்காட்சியில் படங்கள் குறைந்தன, ஆவணங்கள் மிகுந்தன. ஆய்வு நோக்கில் சரி. ஆயினும் அது தேவைக்கு மேல் பின்வாங்கியதாகவே நினைக்கிறேன். ஆணைகளிலும் அறிக்கைகளிலும் கொல்லப்பட்டவர் வெறும் எண்ணிக்கை. படத்தில்தான் அவருக்கு முகம் இருக்கிறது.

அந்த முகத்தையும் நாம் பார்ப்பது கொன்றவர் நின்ற இடத்திலிருந்து என்பது இந்தப் படங்களின் தீராத குறை. கொண்டோமாரியில் கேமரா நின்றது துப்பாக்கி ஏந்தியவர்களின் பக்கம். கேமரா எந்தப் படைப்பிரிவுடையது என்பதைக் குறித்துவைக்கும் ஆவணக்காப்பகங்கள், படத்தில் இருப்பவர் யார் என்று அந்தந்த ஊர்க் குடும்பங்களிடமும் கேட்டு, அந்தப் பெயர்களையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.