கோட்டு மாறியது, முகம் மாறவில்லை

கதையில் தேசியக் கொடி வந்தால் சட்டென்று கடந்துவிடுகிறோம். அதன் பொருள்தான் தெரியுமே என்ற நினைப்பு. அமெரிக்காவின் தொடக்ககாலச் சிறுகதைகளை ரசிக்க வேண்டுமென்றால், சரியாக அந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும்.

வாஷிங்டன் இர்விங் 1819-இல் வெளியிட்ட ‘ரிப் வான் விங்கிள்’ கதையிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த 1783-இல் பிறந்தவர் இர்விங். தளபதி வாஷிங்டனின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். அவர் படைத்த ரிப், மலையில் குடித்துவிட்டுத் தூங்கி, 20 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். நடுவில் போர் வந்து போனது அவனுக்குத் தெரியாது.

முதலில், சின்னத்தை யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். விடுதி வாசலில் நிழல் தந்த பெரிய மரத்தைக் காணோம். அங்கே ஒரு மொட்டைக் கம்பம். அதன் உச்சியில் இருப்பது ரிப்பின் கண்ணுக்கு இரவில் போட்டுக்கொள்ளும் சிவப்புக் குல்லாய். உண்மையில் அது விடுதலைக் குல்லாய். பண்டைய ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணிந்ததன் வழிவந்த சின்னம். கீழே பறக்கும் நட்சத்திரக் கொடியும் அவனுக்குப் புரியாத துணிதான்.

அடுத்து, பழையதில் எது மிஞ்சியிருக்கிறது என்று தேடுங்கள். விடுதிப் பலகையில் முன்பிருந்த அதே இங்கிலாந்து மன்னர் ஜார்ஜின் சிவந்த முகம். சிவப்புக் கோட்டு நீலமாகிவிட்டது, செங்கோல் வாளாகிவிட்டது, அடியில் ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்று எழுதியிருக்கிறது. ஆட்சி மாறியதில் எவ்வளவு மாறியது என்ற கேள்வியை இர்விங் வாய்விட்டுக் கேட்கவில்லை. பலகையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூன்றாவதாக, சின்னத்தின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். நதானியேல் ஹாதார்னின் ‘எண்டிகாட் அண்டு த ரெட் கிராஸ்’ கதையில், அமெரிக்காவின் சேலம் நகரத் தலைவர் எண்டிகாட் ஆங்கிலேயக் கொடியிலிருந்து சிலுவையை வாளால் அறுத்தெறிகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் கதையின் தொடக்கத்திலேயே, பளபளக்கும் அவருடைய மார்புக் கவசத்தில் சுற்றுப்புறம் முழுக்கப் பிரதிபலிக்கிறது. அதில் தெரிவது சவுக்கடிக் கம்பமும் தண்டனைக் கட்டையும். விடுதலை பேசும் ஊரிலேயே, மாற்றுக் கருத்துச் சொன்னவன் தண்டனை பெற்று நிற்கிறான்.

நாட்டை நேசித்த எழுத்தாளர்கள் இவர்கள். அதனால்தான் கொடியை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தவில்லை. கவசத்தில் விழுந்த நிழலையும் சேர்த்தே வரைந்தார்கள்.