பழைய விசை நல்லதா, புதிய விசை நல்லதா?

உங்கள் வீட்டிலுள்ள இரண்டு மின்சுவிட்சுகளை அழுத்திப் பாருங்கள். ஒன்று 'டக்'கென்று விழும். மற்றொன்று சற்று நகர்ந்து, தயங்கி, பிறகு விழும். இரண்டுக்கும் வேண்டிய பலம் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் இரண்டாவதைத்தான் 'கடினம்' என்போம். ரிவால்வர் பிரியர்களின் தீர்ப்புகளிலும் இதே குழப்பம் இருக்கிறது.

சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகே சுடக்கூடிய ரிவால்வரை 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்பார்கள். நிறுத்திய சுத்தியலை விடுவிப்பதே விசையின் வேலை. (பாடப் புத்தகத்து விசை வேறு, இங்கே விரலால் இழுக்கும் கொக்கியையே சொல்கிறேன்.) சுத்தியலின் அடியிலுள்ள ஒரு வெட்டில் விசையின் நுனி மாட்டி நிற்கும். வெட்டு ஆழமின்றியும் பரப்புகள் வழவழப்பாகவும் இருந்தால் காய்ந்த குச்சி முறிவதுபோல் சட்டென்று விடும். ஆழமாக இருந்தால் விசை ஊர்ந்து செல்லும். கனம் வேறு, ஊர்தல் வேறு. சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால் அது கனத்தை மட்டுமே காட்டும். விரலோ இரண்டையும் சேர்த்து உணரும்.

அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1955-இல் 'பிளாக்ஹாக்' ரிவால்வரை வெளியிட்டது. 1873-ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரை ஒட்டிய அமைப்பு. ஆனால் முறியக்கூடிய பட்டைவில்லுக்குப் பதில் சுருள்வில். 1973-இல் 'நியூ மாடல்' வந்தது. பழையதன் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும். புதியதில் இரண்டு ஆணிகள். பழையதன் விசையைப் புகழ்வதும் புதியதை ஏசுவதும் அன்று தொடங்கியது. பழையதன் சுத்தியலை இழுத்தால் கோல்ட்டைப் போலவே வரிசையாகக் 'கிளிக்' ஒலிகள் கேட்கும். அந்தச் சங்கீதம் போன வருத்தமும் இந்த ஏச்சில் கலந்திருக்கிறது என்பது என் ஐயம்!

புகாரில் உண்மையும் உண்டு. புதியதில் விசைக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது. விசையோடு இணைந்த ஒரு சிறு தகடு, விசையை இழுத்திருக்கும்போது மட்டும் மேலே நிற்கிறது. சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்துவது அந்தத் தகடுதான். விசையை விட்டால் தகடு இறங்கிவிடும். சுத்தியல் ஊசியைத் தொடாது. இதனால் விசையின் பயணம் நீண்டது.

இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்பீர்கள். பழையதில் சுத்தியல் இறங்கியிருக்கும்போது ஊசி தோட்டாவின் மருந்தின் மேலேயே அழுந்தி நிற்கும். துப்பாக்கி கைதவறிச் சுத்தியல்பட விழுந்தால் வெடிக்கக்கூடும். ஆகவே, ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின்மேல் சுத்தியலை இறக்கி வைப்பது வழக்கம். கடத்தும் தகடு 1973-இன் கண்டுபிடிப்பும் அன்று; ஐவர் ஜான்சன் என்ற நிறுவனம் 1890-களிலேயே அதைத் தன் ரிவால்வர்களில் வைத்திருந்தது.

1982 முதல் ரூகர் நிறுவனம், பழைய ரிவால்வர்களில் தகட்டை இலவசமாகப் பொருத்தித் தந்து வருகிறது. ஒரே துப்பாக்கியில் இரண்டு அமைப்புகள்! ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? 'மாற்றியபின் விசை கெட்டது' என்பதே பலரின் பேச்சு. ஆனால் இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனியுங்கள். கழற்றியவை பல ஆண்டுகள் உராய்ந்து வழவழப்பான பாகங்கள். மாட்டியவை புத்தம் புதியவை. தேய்மானத்தின் பெருமையை அமைப்பின் பெருமையாக எண்ணிவிடுகிறார்கள். நீளம் பற்றிய குறை நியாயமானது. கரகரப்பையும் கனத்தையும் தகட்டின்மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். பரப்புகளைத் தேர்ந்த தொழிலாளி சீர்செய்தால் அவை பெரும்பாலும் குறைந்துவிடும்.

கழற்றிய பழைய பாகங்களை நிறுவனம் உரிமையாளருக்கே திருப்பி அனுப்புகிறது. சிலர் அவற்றை மீண்டும் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டிய கையோடு, ஆறாவது தோட்டாவை அவர்கள் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.